வெள்ளையில் எத்தனை வெள்ளை

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. கீழ் வீட்டை நல்லாப் பாத்தீங்களா? குழாயைத் திறந்து பாத்தீங்களா? அலமாரிக் கதவு? எல்லாத்தையும் பாத்துக்கங்க. மறைக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. முன்னாடி இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்கன்னு நீங்க கேட்டது எனக்குப் பிடிச்சுது. நியாயமான கேள்வி. இதையே எதிர் வீட்டுல போய்க் கேட்டீங்கன்னா அவங்க வேற மாதிரி சொல்லுவாங்க. அதனால நானே சொல்லிடறேன், நடந்தது நடந்தபடி.

நான் டிராயிங் மாஸ்டர் சார். கோதண்டபாணி மாஸ்டர்னு இந்தக் கே.கே. நகர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அரசுப் பள்ளிக்கூடத்துல இருந்து ரிட்டயர் ஆயிட்டேன், இப்ப சும்மா இருக்கேன்னு பேரு. நான் சும்மா இருக்கற ஆள் இல்ல. இந்த வீட்டுக்குள்ள ஒரு பிளம்பர் கால் வெச்சதில்ல, ஒரு எலக்ட்ரீஷியன் கால் வெச்சதில்ல. எல்லாம் நானே. கை இருக்கு, கண் இருக்கு, எதுக்கு இன்னொருத்தன்? இந்த ஹால் பெயிண்ட் நான் அடிச்சதுதான். அந்த மூலையில உப்பிக்கிட்டு நிக்குது பாருங்க, அது பெயிண்ட் தப்பு இல்ல, சுவர் தப்பு.

கீழ இருந்தவன் பேரு ஜெரால்டு. சொந்தமா ஒரு கார் வாங்கி வாடகைக்கு ஓட்டிட்டிருந்தான். வெள்ளைக் கார், மஞ்சள் நம்பர் பிளேட். ஏர்போர்ட்டுக்குப் போறவங்க, ஆஸ்பத்திரிக்குப் போறவங்க எல்லாம் இவனைத்தான் கூப்பிடுவாங்க. நிதானமா ஓட்டுவான்னு பேரு. சம்சாரம் பவுலின், வீட்டுலயே ஜாக்கெட் தைச்சுக் கொடுக்கும். ஒரு பொண்ணு, அடுத்த தெரு ஸ்கூல்ல படிச்சுது. வேற சாமி கும்பிடறவங்க. அதுக்காக நான் வீடு இல்லன்னு சொன்னேனா? சொல்லல. யாருக்கு வேணா கொடுப்பேன். மீன் கழுவின தண்ணியை வாசல்ல ஊத்தாதேம்மான்னு ஒண்ணே ஒண்ணு சொன்னேன். ஊத்தவும் இல்ல. நல்ல மாதிரிதான். கடைசியில நடந்துக்கிட்டதுதான் மனசுக்குக் கஷ்டமாப் போச்சு.

வாசல்ல தென்னை மரம் இருக்கு பாத்தீங்க இல்ல? அதுக்குக் கீழதான் அவன் வண்டி நிக்கும். ஆடி பிறக்கறதுக்கு முன்னாடியே சொன்னான், "சார், காயெல்லாம் முத்திப் போச்சு. ஆள் விட்டுப் பறிச்சிடலாமா? வண்டி மேல விழுந்துடும்னு பயமா இருக்கு"ன்னான்.

"வண்டியைத் தள்ளி நிறுத்து தம்பி"ன்னேன்.

"தள்ளி நிறுத்தினா உங்க ஸ்கூட்டர் இடிக்குது சார்."

"ஸ்கூட்டர் எப்பவும் அங்கதானே நிக்கும்."

அவன் துணியை எடுத்துக்கிட்டு வண்டியைத் துடைக்கப் போயிட்டான். அப்படித்தான், ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டான். திருச்சியில ஆடிக் காத்து எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஒரு மத்தியானம் குலையோட வந்து விழுந்துச்சு. நேரா பானெட் மேல. நான் மாடியில இருந்து ஓடி வந்து பாக்கறேன், சோறு வடிக்கற சட்டியை அழுத்தி எடுத்த மாதிரி ஒரு பள்ளம். ஜெரால்டு பக்கத்துல நின்னு அதைத் தடவிப் பாத்துட்டிருந்தான். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லல. அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை சொல்லி முடிச்சிருப்பேன்.

"இன்சூரன்ஸ்ல சொல்லி ஒர்க்ஷாப்ல விட்டுடறேன் சார். சீக்கிரம் சரி பண்ணிடுவாங்க"ன்னான்.

"அடிச்சது என் மரம். சரி பண்ணித் தர்றது என் பொறுப்பு"ன்னேன்.

"பரவால்ல சார்."

"பரவால்லன்னா என்ன அர்த்தம்? எனக்குச் செய்யத் தெரியாதுங்கறியா?"

"அப்படி இல்ல சார்"னு சாவியைக் கொடுத்துட்டான். மனசாரத்தான் கொடுத்தான். நான் பிடுங்கல.

டிங்கரிங்னா என்ன சார்? தகடு உள்ள போயிருக்கு, அதை வெளிய கொண்டு வரணும். அதுக்கப்புறம் பட்டி பாக்கணும், தேய்க்கணும், வர்ணம் அடிக்கணும். இதுல பாதி வேலை ஒரு டிராயிங் மாஸ்டருக்குத் தெரிஞ்ச வேலைதானே? போன்ல வீடியோ போட்டுப் பாத்தேன். ஒரு வெள்ளைக்காரன் வெந்நீரை ஊத்தி, பாத்ரூம் அடைப்பு எடுக்கற ரப்பரை வெச்சு ஒரு இழுப்பு இழுக்கறான், பள்ளம் டப்புனு வெளிய வருது. சரின்னு என் சம்சாரம் விசாலத்தை வெந்நீர் போடச் சொன்னேன். அண்டா அண்டாவாப் போட்டா. பள்ளம் வரல. பெயிண்ட்தான் அங்கங்க மங்கிப்போச்சு. அது வேற தகடு போல. நம்ம ஊர் வண்டிக்கு அந்த வித்தை சரிவராது.

அப்புறம் கீழ்ப்பக்கமா சுத்தியலால தட்டலாம்னு பானெட்டைத் தூக்கிப் பாத்தேன். அடியில சட்டம் மாதிரி இன்னொரு தகட்டை ஒட்டி வெச்சிருக்கான் சார், சுத்தியல் உள்ள போகவே இடமில்ல. அந்தச் சட்டத்துல ஒரு பக்கத்தை ரம்பத்தால அறுத்து எடுத்துட்டேன். ஜெரால்டு பக்கத்துல நின்னு, "சார், பானெட் பூட்டிக்கற கொக்கி அதுலதான் சார் பிடிச்சிருக்கு"ன்னான். "கொக்கி இந்தப் பக்கம் இருக்கு, நான் அறுக்கறது அந்தப் பக்கம்"னு காட்டினேன். உள்ள போயிட்டான். நம்பிக்கை சார். அந்த அளவுக்கு என் மேல நம்பிக்கை.

தட்டத் தட்டப் பள்ளம் மேல வந்துச்சு. ஒரு பெரிய பள்ளம் போய், சின்னச் சின்னதா நாலஞ்சு மேடு. எதிர் வீட்டுக்காரர் காம்பவுண்டுல நின்னுக்கிட்டு, "மாஸ்டர், கல்லு ரோடு போடறீங்களா"ன்னு கேட்டார். அவருக்கு என்ன தெரியும்? மேடுன்னா பட்டி வெச்சு சமப்படுத்திக்கலாம். பள்ளம் இல்ல பாருங்க, அதுதான் முக்கியம்.

பட்டி குழைக்கறது ஒரு கலை. அதோட ஒரு மருந்து கலக்கணும், கலந்ததும் சட்டுனு பூசிடணும். முதல் தடவை நான் மருந்து கொஞ்சம் கூடப் போட்டுட்டேன், விசாலத்தோட கிண்ணத்துலயே கல்லா இறுகிப் போச்சு. ரெண்டாவது தடவை வெச்சது சரியா வந்துச்சு. கொஞ்சம் தடிமன்தான். காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தண்ணி தொட்டுத் தொட்டுத் தேய்க்கணும். பவுலின் தையலை அப்படியே விட்டுட்டு வந்து தண்ணி ஊத்தும். நானா கூப்பிட்டேன்? வேலை சீக்கிரம் முடியணுமேன்னு அதுவா வந்துச்சு. ஒரு நாள் தேய்ச்சுக்கிட்டே, "சார், வண்டி நிக்கற வரைக்கும் வருமானமும் நிக்குது சார்"னு சொல்லிச்சு. "அவசரப்பட்டா தரம் வராதும்மா"ன்னேன். புரிஞ்சுக்கிச்சு. அதுக்கப்புறம் கேக்கல.

அந்த நேரத்துலதான் பவுலினோட அப்பா வந்து சேர்ந்தார். அந்தோணிமுத்துன்னு பேரு, மணப்பாறைக்காரர். மதுரையில கண் ஆபரேஷன் பண்ணிட்டு, அடுத்த தடவை காட்டறதுக்குப் போற வரைக்கும் பொண்ணு வீட்டுல இருக்கலாம்னு வந்திருந்தார். கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்துலயே உக்காந்துடுவார். "வாத்தியாரய்யா கை, மாதா சொரூபத்துக்கு வர்ணம் தீட்டற கை மாதிரி இல்ல போகுது"ம்பார். சொல்லப் போனா இந்தத் தெருவுலயே என் வேலையை மதிச்ச ஒரே மனுஷன் அவர்தான். ஆபரேஷன் பண்ணின கண்ணுக்கே அவ்வளவு தெரிஞ்சிருக்கு பாருங்க. நான் டீ குடிச்சா அவருக்கும் ஒரு டம்ளர் கொண்டு வரச் சொல்லுவேன். நல்ல மனுஷன்.

வர்ணத்துக்கு வருவோம். கடையில போய் வெள்ளை ஸ்ப்ரே டப்பா கேட்டா, எந்த வண்டி, என்ன நம்பர் வெள்ளைன்னு கேக்கறான் அந்தப் பையன். எங்கிட்ட. வெள்ளையில எத்தனை வெள்ளை இருக்குன்னு நான் பாடம் எடுத்திருக்கேன் சார். சுண்ணாம்பு வெள்ளை, பால் வெள்ளை, சங்கு வெள்ளை, முல்லைப் பூ வெள்ளை. ஒவ்வொண்ணும் வேற. நான் நம்பர் பாக்கல, கண்ணால பாத்து எடுத்தேன். ஆடிக் காத்துல அடிச்சதால கொஞ்சம் தூசி ஒட்டிச்சு, வேப்பங்கொழுந்து ஒண்ணு ரெண்டு பதிஞ்சுது. தூரத்துல இருந்து பாத்தா தெரியாது. முடிச்சு நிமிர்ந்து பாத்தா, வண்டியோட மத்த இடமெல்லாம் செத்த வெள்ளை, நான் அடிச்ச இடம் மட்டும் உயிரோட இருக்கு. ஜெரால்டு ரொம்ப நேரம் பாத்துட்டு, "தனியாத் தெரியுதே சார்"னான். "அதான் தம்பி வேலை"ன்னேன். எந்த வேலை செஞ்சாலும் நான் கையெழுத்துப் போடுவேன். பானெட்டுக்கு அடியில, ஓரமா, கோ.பா.ன்னு சின்னதாப் போட்டு வெச்சேன்.

இதுக்கப்புறம்தான் அந்தக் கயிறு விஷயம்.

பானெட்டை இறக்கி மூடினா கொக்கி சில சமயம் பிடிக்குது, சில சமயம் பிடிக்க மாட்டேங்குது. புதுசா வேலை பாத்த வண்டி, அப்படித்தான் கொஞ்ச நாள் முரண்டு பண்ணும். ஓட ஓட உக்காந்துக்கும். ஆனா ஜெரால்டு என்ன பண்ணான், ஒரு பச்சை நைலான் கயிறை வாங்கிட்டு வந்து, பானெட் முனையில ஒரு கண்ணி போட்டு, முன்னாடி கிரில்லோட இழுத்துக் கட்டிட்டான். என் வேலைக்கு நடுவுல, பட்டையா, பச்சையா. ஒரு படத்தை வரைஞ்சு, கண்ணாடி போட்டு, சுவத்துல மாட்டினதுக்கப்புறம் அதுக்குக் குறுக்க கயிறு கட்டுவாங்களா சார்?

"என்ன தம்பி இது"ன்னேன்.

"கொக்கி நிக்கலை சார். ரோட்ல போகும்போது தூக்கிக்கிட்டா கண்ணு தெரியாது. ஒர்க்ஷாப்ல ஒரு தடவை காட்டிட்டு வந்துடறேன் சார். அதுவரைக்கும் கயிறு இருக்கட்டும்."

"ஒர்க்ஷாப்ல நாலு பேர் சுத்தி நின்னு என் வேலையைப் பாத்துச் சிரிக்கணும். அதானே?"

"ஐயோ, அப்படி இல்ல சார்."

"அப்படி இல்லன்னா இரு. கொக்கியையும் நானே பாக்கறேன். ஒர்க்ஷாப்தான் வேணும்னா அதுக்குப் பக்கத்துலயே ஒரு வீட்டையும் பாத்துக்கோ."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன் சார். விளையாட்டுக்கு. அவன் பொண்ணு ஸ்கூல் பையை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னுட்டிருந்தா. அவளைப் பாத்தான், என்னைப் பாத்தான், "சரி சார், நீங்களே பாருங்க"ன்னான். நானும் பாத்திருப்பேன். டிராயிங் மாஸ்டர்கள் சங்கத்து விழா வந்துடுச்சு, அந்த அலைச்சல்ல தள்ளிப் போச்சு. அதுவரைக்கும் கயிறோடதான் ஓட்டிட்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் கிளம்பறதுக்கு முன்னாடி குனிஞ்சு முடிச்சை இழுத்துப் பாப்பான். நான் பால்கனியில நிக்கறேன்னு தெரிஞ்சும் இழுத்துப் பாப்பான்.

சங்கத்துச் செயலாளர் ஒரு சாயங்காலம் அழைப்பிதழ் கொடுக்க வீட்டுக்கு வர்றேன்னார். அவர் பெரிய ஆர்ட்டிஸ்ட். போன்லயே சொல்லி வெச்சிருந்தேன், "வாங்க, ஒரு புது வேலை காட்டறேன்"னு. அவர் வர்ற நேரம் வண்டி அந்தப் பச்சைக் கயிறோட நின்னா நல்லாவா இருக்கும்? ஜெரால்டு கடைக்குப் போயிருந்தான். நான் போய் முடிச்சை அவுத்து, கயிறைச் சுத்தி என் ஸ்கூட்டர் பெட்டியில போட்டேன். பானெட்டை ரெண்டு தட்டுத் தட்டி அமுக்கினேன், அழகா உக்காந்துச்சு. செயலாளர் வந்தார், பாத்தார், தொட்டுப் பாத்தார். "பரவாயில்லையே மாஸ்டர், இந்த வயசுல"ன்னார். அவரை வண்டி பக்கத்துல நிக்க வெச்சு ஒரு போட்டோகூட எடுத்தேன். காட்டறேன் இருங்க. அப்புறமாக் காட்டறேன்.

அவர் போனதும் திருப்பிக் கட்டணும்னு எனக்குத் தோணல. ஏன் கட்டணும்? கயிறு என்ன என் யோசனையா?

மறுநாள் விடியறதுக்கு முன்னாடியே ஜெரால்டும் மாமனாரும் மதுரைக்குக் கிளம்பிட்டாங்க. கண் ஆஸ்பத்திரியில நேரத்தோட போனாத்தான் டோக்கன் கிடைக்குமாம். பொண்ணுக்குப் பரீட்சைன்னு பவுலின் போகல. நான் தூங்கிட்டிருந்தேன். விசாலம்தான் எழுந்து பிளாஸ்க்ல காபி ஊத்திக் கொடுத்தாளாம். மழைத் தூறல், கும்மிருட்டு, பெரியவரைக் கையைப் பிடிச்சு முன் சீட்டுல உக்கார வெச்சுட்டு அவசரமா எடுத்துட்டுப் போயிருக்கான். ஒரு டிரைவர்னா வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்திப் பாக்க வேண்டாமா சார்? தினமும் பாக்கறவன், அன்னிக்குன்னு பாக்கல.

விராலிமலை தாண்டி போயிட்டிருக்கும்போது பானெட் தூக்கிக்கிட்டு வந்து முன் கண்ணாடியை மூடிடுச்சு. நாலு வழிச் சாலை, நல்ல வேகம். ஒண்ணும் தெரியாம நடுவுல இருக்கற சுவத்துல இடிச்சு, அங்கேயிருந்து ஓரமா நின்ன லாரியில போய் மோதியிருக்கு. பெரியவர் உக்காந்திருந்த பக்கம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ளயே முடிஞ்சு போச்சு. ஜெரால்டுக்கு இடுப்பு எலும்பு நொறுங்கிடுச்சு, தலையில அடி. நினைவு வர்றதுக்கே நாளாச்சு. போலீஸ்ல கேஸ் அவன் மேலதான் போட்டாங்க. ஓட்டினவன் மேலதானே போடுவாங்க.

எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கல சார். அந்தோணிமுத்து மாதிரி ஒரு ரசிகர் இனிமே எனக்கு எங்க கிடைக்கப் போறார்?

வண்டியை ஸ்டேஷன் வாசல்ல இழுத்துப் போட்டிருந்தாங்க. போய்ப் பாத்தேன். முன்பக்கம் அப்பளமா நொறுங்கிக் கிடக்குது. கண்ணாடி இல்ல, கதவு இல்ல. ஆனா சொன்னா நம்ப மாட்டீங்க, பானெட்ல நான் பட்டி வெச்ச இடம் இருக்கே, அதுல ஒரு விரிசல் இல்ல. அந்த வெள்ளை அப்படியே இருக்கு. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிட்டுப் போய் ஜெரால்டைப் பாத்தப்ப அதைச் சொன்னேன், மனசுக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும்னு. "வேலை நிலைச்சு நின்னுச்சு தம்பி"ன்னேன். அவன் கூரையைப் பாத்துக்கிட்டு படுத்திருந்தான். பவுலின் எழுந்து வெளிய போயிடுச்சு. அப்பாவைப் பறிகொடுத்த பொண்ணு, நான் தப்பா எடுத்துக்கல.

கொஞ்ச நாள் கழிச்சு இன்சூரன்ஸ்ல இருந்து ஒருத்தர் விசாரிக்க வந்தார். பானெட்டுக்கு அடியில கோ.பா.ன்னு பாத்திருக்கார். யாருன்னு விசாரிச்சுக்கிட்டு நேரா எங்கிட்ட வந்துட்டார். உங்களை மாதிரிதான், இதே நாற்காலியிலதான் உக்காந்தார். நல்லா ரசனை உள்ள மனுஷன், எப்படி எப்படிச் செஞ்சீங்கன்னு ஒவ்வொண்ணாக் கேட்டார். நானும் சட்டத்தை அறுத்ததுல இருந்து விளக்கமாச் சொன்னேன். "கொக்கி சரியில்லன்னு டிரைவருக்குத் தெரியுமா"ன்னார். "நல்லாத் தெரியும். கயிறு கட்டித்தானே ஓட்டிட்டிருந்தான்"னேன். "அன்னிக்குக் கயிறு இருந்துச்சா"ன்னார். "இல்ல"ன்னேன். "கட்டாம எடுத்துட்டுப் போயிட்டாரா"ன்னார். "கயிறு வண்டியில இல்ல, அது மட்டும்தான் எனக்குத் தெரியும்"னேன். ஒரு பொய் சொல்லல சார். அவர் கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னேன். கேக்காததை நானா எதுக்குச் சொல்லணும்?

தெரிஞ்சே பழுதான வண்டியை ஓட்டினதால ஒண்ணும் தர முடியாதுன்னு எழுதி அனுப்பிட்டாங்களாம். அதுக்கப்புறம்தான் பவுலின் ஒரு நாள் மாடிக்கு வந்துச்சு. வாசப்படியைத் தாண்டி உள்ள வரல.

"சார், கயிறு இல்லன்னு நீங்கதான் சொன்னீங்களாமே."

"ஆமாம்மா. உண்மையைத்தானே சொல்ல முடியும்."

"அவர் கட்ட மறந்துட்டாரா சார்?"

"அதை நான் எப்படிம்மா சொல்றது? அவங்க கிளம்பும்போது நான் தூக்கத்துல இருந்தேன்."

படியில ஒரு கால் வெச்சுட்டுத் திரும்பிச்சு. "எங்கப்பா வேண்டாம், பஸ்லயே போறேன்னுதான் சொன்னார் சார். இவர்தான் நான் பத்திரமாக் கூட்டிட்டுப் போறேன்னார்"னு சொல்லிட்டு இறங்கிப் போயிடுச்சு.

அன்னியில இருந்து கீழ சத்தமே இல்ல. சண்டை போட்டாக்கூடத் தேவல சார், வீடு வீடா இருக்கும். தையல் மெஷின் ஓடற சத்தம் கேக்கும், வாக்கரைத் தரையில வெச்சு வெச்சு அவன் நடக்கற சத்தம் கேக்கும். புருஷன் பெண்டாட்டி பேச்சு ஒண்ணு காதுல விழாது. அப்புறம் ஒரு நாள் பவுலின் பொண்ணைக் கூட்டிக்கிட்டு மணப்பாறைக்குப் போயிடுச்சு. அம்மாவுக்குத் துணையா இருக்கப் போறேன்னு சொல்லிச்சு. தையல் மெஷினையும் எடுத்துட்டுப் போனப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு.

ஜெரால்டு மட்டும் தனியா இருந்தான். வாசல்ல அந்த ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிட்டு தென்னை மரத்தடியையே பாத்துட்டிருப்பான். வீட்டுக்கு வர்றவங்க, போறவங்க எல்லாம் என்ன ஏதுன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் அவனைப் போகச் சொல்லல சார், தப்பா நினைக்காதீங்க. "வாசப்படி ஏறி இறங்கக் கஷ்டப்படறியே தம்பி, படி இல்லாத வீடா இருந்தா உனக்கு வசதி"ன்னு அவன் நல்லதுக்குச் சொன்னேன். மறு வாரமே காலி பண்ணிட்டான். போறப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகல. சாவியை விசாலத்துக்கிட்ட கொடுத்துட்டுப் போயிட்டான். அவ்வளவு நாள் வெயில்ல நின்னு அவன் வண்டிக்கு உழைச்சிருக்கேன். அதுதான் எனக்கு மனசுல நிக்குது. நீங்க கேட்டதுக்குக் காரணம் இதுதான் சார், வேற ஒண்ணும் இல்ல.

விசாலமும் அதுக்கப்புறம் சரியில்ல. வெள்ளிக்கிழமை ஆனா கோயிலுக்குப் போறேன்னு கிளம்பிடறா, கையில ஒரு தூக்குவாளி. கோயிலுக்கு எதுக்கு சோறுன்னு கேட்டா செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கிடறா. வயசானா சில பேருக்குப் பக்தி இப்படித்தான் முத்திடும். இன்னிக்கும் அங்கதான் போயிருக்கா, இல்லன்னா உங்களுக்கு ஒரு வாய் காபி கொடுத்திருப்பேன்.

போன வாரம் அவனைப் பாத்தேன் சார். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல, தூண்ல சாஞ்சு நின்னுட்டிருந்தான். கையில ஊன்றுகோல், பாதி ஆளா இளைச்சுட்டான். எனக்கு வீம்பு கிடையாது, நானே போய்ப் பேசினேன். ஒரு அச்சாபீஸ்ல பேப்பர் அடுக்கற வேலையாம். உக்காந்து ஓட்டற வேலை இனிமே முடியாதாம்.

"சாப்பாட்டுக்கெல்லாம் என்ன பண்றே"ன்னேன்.

"அம்மா வெள்ளிக்கிழமை தவறாம வர்றாங்க சார். அவங்கதான் பாத்துக்கறாங்க"ன்னான். மாதாவைச் சொல்றான். அவங்க பேச்சே அப்படித்தான்.

"பவுலின் வந்துச்சா?"

"வரல சார். போன் பண்ணாலும் பாப்பாக்கிட்ட கொடுத்துடும்."

அப்புறம் பஸ் வர்ற பக்கமே பாத்துக்கிட்டு நின்னான். ஏதோ கேக்கணும்னு நினைக்கறான்னு தெரிஞ்சுது. "என்ன தம்பி"ன்னேன்.

"சார், ஒண்ணே ஒண்ணு. நான் எப்பவும் கயிறு கட்டித்தானே சார் எடுப்பேன். அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியல. அடிபட்டதுல அந்த நாள் முழுக்க நினைவே இல்ல. முந்தின நாளும் பாதிதான் இருக்கு. எப்படி யோசிச்சாலும் நான் அவுத்த ஞாபகம் வரல. கட்டாம எடுத்திருப்பேனா சார்? நீங்க மேல இருந்து பாப்பீங்களே, ஏதாவது பாத்தீங்களா? எதுன்னு தெரிஞ்சா பவுலின்கிட்ட சொல்லிடுவேன். ராத்திரி படுத்தா இதேதான் ஓடுது."

நான் யோசிச்சேன் சார். யோசிக்காம பேசற பழக்கம் எனக்கு இல்ல. நான்தான் அவுத்தேன்னு சொன்னா என்ன ஆகும்? பெரியவர் எழுந்து வரப் போறாரா? அந்த வண்டி திரும்பி வரப் போகுதா? அவனுக்குப் புதுசா ஒரு குழப்பம், என் மேல ஒரு வருத்தம். உடம்பு இருக்கற நிலைமைக்கு அது தேவையா? அவனுக்கு வேண்டியது ஒரு முடிவு. ஏதாவது ஒண்ணு உறுதியாத் தெரிஞ்சா மனசு அடங்கிடும். நாப்பது பிள்ளைங்களை ஒரே வகுப்புல வெச்சுச் சமாளிச்சவன் நான், மனுஷங்க மனசு எனக்குத் தெரியும்.

தோள்ல கையைப் போட்டேன். "மறந்திருப்பே தம்பி"ன்னேன். "இருட்டு, மழை, பெரியவரை ஏத்தற அவசரம். யாரா இருந்தாலும் மறக்கத்தான் செய்வாங்க. இதைப் போட்டு மனசைக் குழப்பிக்காதே. பவுலின்கிட்டயும் நேரா மன்னிப்புக் கேட்டுடு, சரியாயிடும்."

ஊன்றுகோலை ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு மாத்தினான்.

"மறந்துதான் இருக்கேன்"னான். எங்கிட்ட சொன்ன மாதிரியும் இல்ல.

அவன் பஸ் வந்துச்சு. படி உசரம், காலைத் தூக்க முடியல. பின்னாடி இருக்கறவங்க இடிக்கறாங்க, கண்டக்டர் சீக்கிரம் சீக்கிரம்ங்கறார். நான்தான் இடுப்புல கை கொடுத்து ஏத்திவிட்டேன். ஜன்னல் ஓரமா ஒருத்தர் எழுந்து இடம் கொடுத்தார், உக்காந்தான். நான் கீழ நின்னுக்கிட்டு, "இனிமேலாவது எதையும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்துச் செய் தம்பி"ன்னு சொன்னேன்.

தலையை ஆட்டினான். "சரி சார், தேங்க்ஸ் சார்"னான்.